பேனாக்கத்தி முதல் ஒட்டுக்கத்தி வரை: பையில் வைக்கும் கத்திக்கும் ஒரு காரணம் வேண்டும்

தோட்டத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களின் பழைய இரும்புப் பெட்டியைத் திறந்தால், பிறப்புப் பத்திரம், சேமநிதிக் கடிதம், பாக்குவெட்டி ஆகியவற்றுக்கு நடுவே சில சமயம் ஒரு சிறிய மடக்குக் கத்தியும் கிடைக்கும். பிடி தேய்ந்திருக்கும். அலகு தீட்டித் தீட்டி மெலிந்திருக்கும். பாக்கைச் சீவ, கயிற்றை அறுக்க, மாங்காயை நறுக்க என்று அதற்கு நாள் முழுக்க வேலை இருந்தது. அதை ஏன் மடியில் வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அதே கத்தியைப் பேரன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரவில் மோட்டார் சைக்கிளில் பட்டணத்துக்குப் போனால் நிலைமை வேறு. சாலைத் தடுப்புச் சோதனையில் போலீஸ்காரர் முதலில் கேட்பது, “இது எதற்கு?” என்றுதான். அதற்குப் பொருத்தமான பதில் இல்லையென்றால் அந்த இரவு வீட்டில் முடியாது.

உலகம் முழுதும் மடக்குக் கத்திகளுக்குப் பரம்பரை வடிவங்கள் உண்டு. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட வேலைக்காகப் பிறந்தவை. அந்த வேலை எது என்று தெரிந்தால் நமக்கு ஏற்ற கத்தி எது, நமக்குக் கத்தி தேவைதானா என்பதும் தெளிவாகும். சோதனையில் கேட்கப்படும் கேள்விக்கான பதிலும் அங்கேயே இருக்கிறது.

பேனாவுக்கும் கத்திக்கும் என்ன உறவு?

சிறிய மடக்குக் கத்தியைத் தமிழில் பேனாக்கத்தி என்கிறோம். பேனாவைப் போல மெலிதாக இருப்பதால் வந்த பெயர் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் அது பேனாவைச் சீவிய கத்தி.

இரும்பு முள் பேனா பரவலாவதற்கு முன், ஐரோப்பாவில் வாத்து இறகின் அடித்தண்டைச் சாய்வாகச் சீவி, மையில் தொட்டு எழுதினார்கள். எழுத எழுத முனை மழுங்கும். மறுபடியும் சீவ வேண்டும். எழுதுகிறவர் ஒவ்வொருவருக்கும் பக்கத்திலேயே ஒரு சிறு கத்தி தேவைப்பட்டது. பேனா என்ற சொல்லும் நமக்குப் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்ததுதான். அந்த மொழியில் அதற்கு இறகு என்ற பொருளும் உண்டு. மலாய்க்காரர்கள் சொல்லும் ‘பெனா’வும் அதே வழியில் வந்தது.

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் எஃகு முள்கள் இயந்திரத்தில் ஏராளமாக உற்பத்தியாயின. இறகு பேனா மறைந்தது. அதைச் சீவிய கத்தி மட்டும் பெயரோடு தங்கிவிட்டது. பென்சில் சீவவும் கடிதம் பிரிக்கவும் நூல் அறுக்கவும் அதே சிறிய அலகு போதுமானதாக இருந்தது.

பூட்டு இல்லாத கத்தி

பழைய மடக்குக் கத்திகள் பெரும்பாலும் பூட்டு இல்லாதவை. பிடிக்குள், முதுகுப் பக்கமாக, ஓர் எஃகுப் பட்டை இருக்கும். அது வில்போல அலகின் அடிப்பாகத்தை அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அலகு அசையாமல் நிற்பது அந்த அழுத்தத்தால்தான். அலகின் பக்கவாட்டில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு சிறு பள்ளம் இருக்கும். அதில் நகத்தை வைத்து இழுத்தால் திறக்கும். மூடும்போது ‘டக்’ என்று உள்ளே போகும்.

இந்த அமைப்பின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். கையால் அழுத்தினாலே மூடிவிடலாம். ஆனால் வேலை செய்யும்போது முனையால் குத்தினாலோ, அலகின் முதுகில் அழுத்தினாலோ அதே கத்தி விரல்மேல் மூடிக்கொள்ளும். எனவே இது இழுத்து அறுக்கவும் சீவவும் மட்டுமே உரியது. துரியான் பிளக்க, டின் மூடியை நெம்ப இதைப் பயன்படுத்தினால் முனை ஒடியும், அல்லது விரல் வெட்டுப்படும்.

பார்லோவும் ஸ்டாக்மேனும்

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரம் பல நூற்றாண்டுகளாகக் கத்திக்குப் பெயர் போனது. அங்கே உருவான பழைய வடிவங்களில் ஒன்று பார்லோ. பிடியின் முன்பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மூடும் நீண்ட இரும்புக் கவசம் இதன் அடையாளம். அலகு ஆடும் மூட்டுதான் ஒரு மடக்குக் கத்தியில் முதலில் தளர்ந்து கெடும் இடம். அங்கே இரும்பைக் கூட்டினால் ஏழை விவசாயி வாங்கும் மலிவுக் கத்தியும் பல ஆண்டு தாங்கும். அந்தக் கணக்கில் பிறந்தது பார்லோ.

ஷெஃபீல்டிலிருந்து கப்பலேறி அமெரிக்காவுக்குப் போன பார்லோ, அங்கே சிறுவர்களின் கனவுப் பொருளானது. மார்க் ட்வைன் 1876-இல் வெளியிட்ட ‘டாம் சாயர்’ நாவலில், வேதாகம வசனங்களை மனப்பாடம் செய்ததற்குப் பரிசாக டாமுக்குக் கிடைப்பது ஒரு பார்லோ கத்திதான்.

அமெரிக்க மாட்டுப் பண்ணைகளில் உருவானது ஸ்டாக்மேன். ஒரே பிடிக்குள் மூன்று அலகுகள். முதலாவது, கூரிய முனையுள்ள நீண்ட அலகு. பொது வேலைகளுக்கு அதுதான். இரண்டாவது, வெட்டும் விளிம்பு நேர்கோடாகவும் முனை மழுங்கியும் இருக்கும் ‘ஆட்டுக்குளம்பு’ அலகு. அது ஆட்டின் குளம்பைச் சீவவும் பலகைமேல் வைத்து நேராக அறுக்கவும் பயன்பட்டது. மூன்றாவது ‘ஸ்பே’ அலகு. கால்நடைகளுக்குக் காயடிக்கும்போது வேண்டாத இடத்தில் குத்திவிடக் கூடாது என்பதற்காக அதன் முனையை வேண்டுமென்றே மொண்ணையாக வைத்தார்கள்.

மாடு வளர்க்காதவரும் இன்று ஸ்டாக்மேனை விரும்பி வாங்குகிறார். உணவுக்கு ஓர் அலகு, அட்டைப் பெட்டிக்கு ஓர் அலகு என்று பிரித்து வைத்துக்கொள்ள முடிகிறது. மூடிய நிலையில் சுமார் 9 சென்டிமீட்டர் நீளமுள்ள கத்தியில் அது பெரிய வசதி.

விவசாயிக்காகச் செய்த ஓப்பினல்

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில், கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்த ஜோசப் ஓப்பினல் 1890-இல் ஒரு மடக்குக் கத்தியைச் செய்தார். ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஓர் இரும்பு வளையம். மிகச் சில பாகங்களே கொண்ட இந்தக் கத்தி சுற்றுவட்டார விவசாயிகளிடம் வேகமாகப் பரவியது. 1897-இல் சிறியது முதல் பெரியது வரை 1 முதல் 12 வரை எண் கொடுத்து விற்கத் தொடங்கினார். இன்றும் 8-ஆம் எண்தான் அதிகம் அறியப்பட்டது. அதன் அலகு 8.5 சென்டிமீட்டர்.

அலகில் கிரீடமும் ஒரு கையும் பொறித்திருக்கும். கை, அருகிலுள்ள சான்-ஜான்-த-மோரியன் ஊரின் சின்னத்திலிருந்து எடுத்தது. கிரீடம், சவோய் சிற்றரசைக் குறிப்பது. 1955-இல் சுழலும் பூட்டு வளையம் சேர்க்கப்பட்டது. அலகைத் திறந்து வளையத்தைத் திருகிவிட்டால் அது விரல்மேல் மூடாது. ஆகவே ஓப்பினல் முன்பு சொன்ன பூட்டில்லாக் கத்திகளிலிருந்து வேறுபடுகிறது.

நம் நாட்டில் இதை வாங்குகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி உப்பும். மழைக்காலத்தில் அலகு பிடிக்குள் இறுகித் திறக்க மறுக்கும். கழுவ நேர்ந்தால் தண்ணீரில் ஊறவிடாமல் உடனே துடைத்து, நிழலில் காயவைக்க வேண்டும்.

சிப்பாயின் கத்தி

சுவிட்சர்லாந்து ராணுவம் 1891-இல் தன் வீரர்களுக்கு ஒரு மடக்குக் கத்தியை ஏற்றுக்கொண்டது. அதில் அலகோடு டின் திறப்பானும் துளையிடும் ஊசியும் திருப்புளியும் இருந்தன. டின் உணவைத் திறக்கவும் துப்பாக்கியைக் கழற்றித் துடைக்கவும் தேவையானவை அவை. ராணுவத்துக்காகவே உருவான கத்திதான். ஆனாலும் அது சண்டைக்கான கத்தி ஆகவில்லை. வீரன் சாப்பிடவும் தன் துப்பாக்கியைப் பேணவும் உதவிய கருவி.

இபாக் என்ற ஊரில் பட்டறை வைத்திருந்த கார்ல் எல்சனர், 1897 ஜூன் 12-ஆம் நாள் இன்னும் இலேசான ‘அதிகாரிகள் கத்தி’யைப் பதிவு செய்தார். இரண்டாவது சிறு அலகும் தக்கை திறப்பானும் அதில் சேர்ந்தன. இன்று உலகம் முழுதும் தெரிந்த சிவப்புக் கத்தியின் முன்னோடி அது. நிறுவனத்தின் பெயரான விக்டோரினாக்ஸ், எல்சனரின் தாயார் விக்டோரியாவின் பெயரும் துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் ‘இனாக்ஸ்’ என்ற சொல்லும் சேர்ந்து உண்டானது.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு விமானப் பயணிகளிடம் கத்தி இருக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு உலகெங்கும் இறுகியது. விமான நிலையக் கடைகளில் பரிசுப் பொருளாக அடுக்கியிருந்த இந்தக் கத்தியின் விற்பனை கடுமையாகச் சரிந்தது. கத்தி மாறவில்லை. அதை வைத்திருக்கும் இடம் பற்றிய விதிதான் மாறியது.

பென்சில் சீவிய பிள்ளைகளின் கத்தி

ஜப்பானின் ஹியோகோ மாநிலத்தில் உள்ள மிக்கி என்ற ஊரில் 1890-களில் உருவானது ஹிகோனோகாமி. மடித்த தகட்டால் ஆன பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி மட்டுமே. எஃகு வில் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் பின்னால் நீண்டிருக்கும் சிறு வாலைக் கட்டைவிரலால் அழுத்தித் திறக்க வேண்டும். வெட்டும்போதும் கட்டைவிரல் அதன்மேல் இருந்தால்தான் அலகு நிற்கும். விலை குறைவு என்பதால் பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவவும் மூங்கிலில் விளையாட்டுச் சாமான் செய்யவும் இதைத்தான் வைத்திருந்தார்கள்.

1960 அக்டோபர் 12-ஆம் நாள் ஜப்பான் சோசலிஸ்டுக் கட்சித் தலைவர் அசானுமா மேடையில் பேசிக்கொண்டிருந்தபோது 17 வயது இளைஞனால் குத்திக் கொல்லப்பட்டார். அவன் பயன்படுத்தியது ஒரு குறுவாள். ஹிகோனோகாமிக்கும் அந்தக் கொலைக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் பிள்ளைகள் கையில் கத்தி கூடாது என்ற இயக்கம் நாடு முழுதும் பரவியது. பள்ளிப் பைகளிலிருந்து அந்தச் சிறு கத்தி மறைந்தது. வரிசையாக இருந்த பட்டறைகள் மூடப்பட்டன. இன்று அந்தப் பெயரை உரிமையோடு பயன்படுத்துவது ஒரே ஒரு பட்டறைதான். ஜப்பானியச் சட்டம் இன்று, தக்க காரணமில்லாமல் 6 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட அலகுள்ள கத்தியை வெளியே கொண்டு செல்வதைத் தடை செய்கிறது.

யாரோ செய்த குற்றத்தின் நிழல் சாதாரண மக்களின் கருவிமேல் விழுவதற்கு இது ஒரு சான்று.

தோட்டத்துக்கு வந்த மடக்குக் கத்தி

ரப்பர் தோட்டம் என்றதும் நினைவுக்கு வருவது பால்மரம் சீவும் உளி. அது மடக்குக் கத்தி இல்லை. ஆனால் அந்த மரங்கள் நாற்றங்காலில் உருவானதற்குப் பின்னால் இன்னொரு சிறு கத்தி இருந்தது. அதுதான் ஒட்டுக்கத்தி.

விதையிலிருந்து முளைக்கும் ரப்பர் மரம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் பால் தரும். நிறைய பால் தரும் மரத்தின் மொட்டை எடுத்து வேறு கன்றில் ஒட்டினால், வளரும் மரம் தாய்மரத்தின் குணத்தோடு வரும். ஜாவாவிலும் சுமாத்திராவிலும் 1910-களில் கைகூடிய இந்த முறை பின்னர் மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தது. 1925-இல் தொடங்கிய மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய ‘ஆர்ஆர்ஐஎம் 600’ போன்ற ரகங்கள் ஏக்கர் ஏக்கராகப் பரவியது இப்படி ஒட்டுக் கட்டித்தான்.

ஒட்டுக்கத்தியின் அலகு நேரானது, மெல்லியது, சவரக்கத்தி போலக் கூர்மையானது. பல கத்திகளில் பட்டையைத் தூக்கிவிட மொண்ணையான நாக்கு ஒன்றும் இருக்கும். கன்றின் பட்டையில் சன்னல் போல வெட்டி, பட்டையைக் கிளப்பி, மொட்டுள்ள துண்டை உள்ளே செருகிக் கட்ட வேண்டும். சுமார் மூன்று வாரம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் ஒட்டு பிடித்ததா என்று தெரியும். அலகு மழுங்கியிருந்தால் பட்டை நசுங்கும், ஒட்டு பிடிக்காது. வேலை செய்கிறவரின் கூலியும் பெயரும் அந்தக் கூர்மையைப் பொறுத்தே இருந்தன.

இன்று வீட்டுத் தோட்டத்தில் மா, எலுமிச்சை, ரோஜா ஒட்டுக் கட்டுகிறவர்களுக்கும் இதே வடிவம்தான் பொருத்தம்.

யாருக்கு எது?

பழம் நறுக்க, சாப்பாட்டு வேலைக்கு என்றால் மெல்லிய அலகுள்ள ஓப்பினல் போன்ற கத்தி நல்லது. பெட்டி பிரிக்க, கயிறு அறுக்க, மாலை கட்டும் நூலைக் கத்தரிக்க ஒரு சிறு பேனாக்கத்தி போதும். திருகாணியும் டின்னும் அடிக்கடி கையாளுகிறவருக்குச் சுவிஸ் கத்தி. நாற்றங்கால் வேலைக்கு ஒட்டுக்கத்தி. அலுவலகத்தில் கடித உறை பிரிப்பது மட்டும்தான் வேலை என்றால் மேசையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தாலே போதும். பையில் கத்தி தேவையில்லை.

எஃகைத் தேர்ந்தெடுக்கும்போது நம் வெயிலையும் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். கார்பன் எஃகு தீட்ட எளிது, நன்றாகக் கூர் ஏறும். ஆனால் வியர்வையும் மழையும் பட்டால் ஒரே இரவில் துரு பூக்கும். மாங்காய், எலுமிச்சை நறுக்கினால் அலகு கறுக்கும். அந்தக் கறுப்பு துரு அல்ல, கவலைப்படத் தேவையில்லை. அடிக்கடி துடைத்து வைக்க நேரமில்லாதவர் துருப்பிடிக்காத எஃகை வாங்கலாம்.

மூட்டுக்குத் தையல் இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தீட்டும்போது சாணைக்கல்லில் அலகைச் சுமார் 15 முதல் 20 பாகைச் சாய்வில் வைத்து, இரண்டு பக்கமும் சமமாக இழுக்க வேண்டும். மழுங்கிய கத்திக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படும். கை வழுக்குவதும் அப்போதுதான்.

சட்டம் கேட்பது என்ன?

மலேசியாவில் இதற்குரிய சட்டம், 1958-ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் அபாயகர ஆயுதங்கள் சட்டம். அதன் 6(1) பிரிவு, சட்டபூர்வமான அதிகாரமோ நோக்கமோ இல்லாமல் பொது இடத்தில் அபாயகர ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. குற்றம் நிரூபணமானால் 5 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை சிறை. பிரம்படியும் விதிக்கப்படலாம்.

அபாயகர ஆயுதம் என்பது பாராங் கத்தியையும் வாளையும் மட்டும் குறிப்பதில்லை. ஆயுதமாகப் பயன்படுத்தினால் காயம் உண்டாக்கக்கூடிய எந்தக் கருவியும் அதில் அடங்கும். எனவே ‘இது சின்னக் கத்திதானே’ என்பது தானாகவே ஒரு தற்காப்பு ஆகாது. பொத்தானை அழுத்தினால் தானாக விரியும் கத்தி போன்ற சில வகைகள் தனி அட்டவணையில் உள்ளன. கடையிலோ இணையத்திலோ அழகாக இருக்கிறது என்பதற்காக அவற்றை வாங்கவே கூடாது.

நோக்கம் என்பது சூழ்நிலையோடு சேர்ந்தது. செம்பனைத் தோட்டத்துக்குப் போகிறவரின் வண்டியில் அறுவடைக் கருவிகளோடு இருக்கும் கத்திக்கும், தூண்டில் பெட்டிக்குள் மீன் கொக்கிகளோடு இருக்கும் கத்திக்கும் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. நள்ளிரவில் சாப்பாட்டுக் கடை வாசலில் இடுப்பில் செருகிய கத்திக்கு அப்படி ஒரு காரணத்தைக் காட்டுவது கடினம். ‘தற்காப்புக்காக வைத்திருக்கிறேன்’ என்று சொல்வது, அதை மனிதர்மேல் பயன்படுத்தும் எண்ணம் இருந்ததாகத் தானே ஒப்புக்கொள்வதாக முடியலாம்.

நடைமுறையில் சில பழக்கங்கள் உதவும். வேலைக்குப் போகும்போது கத்தியை வேலைக் கருவிகளோடு பையில் வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீட்டில் எடுத்து வைக்க வேண்டும். திருவிழாக் கூட்டம், கால்பந்து ஆட்டம், கேளிக்கை மையம் ஆகிய இடங்களுக்குக் கொண்டு போகவே கூடாது. மாணவர்களின் பள்ளிப் பையில் கத்தி இருக்கிறதா என்று பெற்றோர் பார்க்க வேண்டும். விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்காமல் சரக்குப் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

சோதனையில் கேட்டால் மறைக்காமல், பதற்றப்படாமல், என்ன வேலைக்கு என்று சொல்வது நல்லது. கைதானால் குடும்பத்தினருக்குத் தகவல் சொல்லவும் வழக்கறிஞரைக் கேட்கவும் உரிமை உண்டு. வசதி இல்லாத குடும்பங்கள் தேசிய சட்ட உதவி அறவாரியமான யாயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சாஆனை நாடலாம். கைது, தடுப்புக் காவல் கட்டங்களில் மலேசியக் குடிமக்களுக்கு அது இலவச உதவி வழங்குகிறது.

ஆயுத பூஜை நாளில் உளியும் சுத்தியலும் ஸ்பேனரும் கத்தியும் ஒரே தட்டில் சந்தனம், குங்குமத்தோடு அமரும். தமிழில் ஆயுதம் என்ற சொல் போர்க்கருவி, தொழிற்கருவி இரண்டையுமே குறிக்கும். பெரியவர்கள் அந்தத் தட்டில் வைத்தது சோறு போட்ட கருவியை. தாத்தாவின் மடக்குக் கத்தியை எடுக்கும் பேரன், துருவைத் துடைத்து, தீட்டி, வீட்டில் மாங்காய் நறுக்கட்டும், செடிக்கு ஒட்டுக் கட்டட்டும். வெளியே எடுத்துச் செல்லும் முன், “இன்று இதற்கு என்ன வேலை?” என்று தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். பதில் இல்லாத நாளில் அது இரும்புப் பெட்டியிலேயே இருக்கலாம்.